மந்தமாக இயங்கும் வெளி ஹார்டு டிஸ்க்: காரணமும் பரிகாரமும்

சூரியனின் முகத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் நாளுக்கு நாள் மாறும் இயல்புடையவை. இன்று காணும் புள்ளி நாளை அதே வடிவில் இராது. கடந்துபோன ஒரு நாளின் சூரியனை மீண்டும் படம் பிடிக்க எந்தத் தொலைநோக்கியாலும் இயலாது. இக்காரணம் பற்றியே, கோடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 1904-ஆம் ஆண்டு முதல் எடுக்கப்பெற்ற சூரியப் படங்களை விஞ்ஞானிகள் பெரிதும் மதிக்கின்றனர். 1899-இல் நிறுவப்பெற்ற அந்நிலையம், இப்பொழுது பெங்களூரு கோரமங்கலாவில் தலைமையகம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்தது. கண்ணாடித் தகடுகளிலும் பிலிம்களிலும் பதிந்திருந்த அப்படங்களை இந்நிறுவனத்தார் எண் வடிவில் மாற்றி, ஆராய்ச்சியாளர் எவரும் பயன்படுத்தத்தக்க வகையில் அளித்துள்ளனர்.

அவ்வாறு மாற்றப்பெற்ற ஒரு படம், பக்கத்துக்கு 4,096 புள்ளிகள் கொண்ட சதுரமாகும். மொத்தப் புள்ளிகள் 1,67,77,216. ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவையும் குறிக்க 16 பிட், அதாவது 2 பைட் தேவை. ஆகவே ஒரு படத்துக்கு 3,35,54,432 பைட், அதாவது ஏறத்தாழ 33.5 மெகாபைட் இடம் வேண்டும். ஆயிரம் படங்களுக்கு 33.5 கிகாபைட் ஆகிறது.

இத்தகைய ஆயிரம் படங்களை ஒரு பழைய கணிப்பொறியிலிருந்து வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கணிப்பொறியில் இவ்வேலை 6 நிமிஷத்துக்குள் முடிகிறது. மற்றொன்றில் 19 நிமிஷம் ஆகிறது. வேறொன்றிலோ 9 மணி நேரத்துக்கு மேல் செல்கிறது. ஹார்டு டிஸ்க் ஒன்றே, படங்களும் அவையே. இவ்வளவு பெரிய வேற்றுமை எங்கிருந்து வந்தது? மழை அளவு, மண் பரிசோதனை, பயிர்க் கணக்கெடுப்பு முதலிய குறிப்புகளைச் சேகரிக்கும் களப் பணியாளருக்கும், பள்ளிக் கணிப்பொறிகளைப் பேணும் ஆசிரியர்களுக்கும் அடிக்கடி எதிர்ப்படும் வினா இது. இதற்கு விடை காண்பதோடு, மந்தம் எப்பொழுது வெறும் அசௌகரியம், எப்பொழுது ஆபத்தின் அறிகுறி என்று பகுத்தறிவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இணைப்பு முறையின் வரலாறு

சுழலும் தட்டில் காந்த முறையால் செய்திகளைப் பதிக்கும் ஏற்பாடு 1956-இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட ராமாக் யந்திரத்தில் முதன்முதல் இடம்பெற்றது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிஷத்துக்கு 1,200 முறை சுழன்று, ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. மேற்கூறிய சூரியப் படம் ஒன்றைக்கூட அது முழுமையாகக் கொள்ளாது. இன்று சட்டைப் பையில் அடங்கும் ஹார்டு டிஸ்க், அதைப்போல் லட்சம் மடங்குக்கு மேலாகவே கொள்ளுகிறது. ஆயினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. தட்டு சுழல வேண்டும். படிக்கும் முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். உரிய இடம் சுழன்று முனைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இத்தட்டைக் கணிப்பொறியுடன் இணைப்பது யு.எஸ்.பி. எனப்படும் பொது இணைப்பு முறை. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியில் பணியாற்றிய அஜய் பட், இம்முறையை வகுத்தோருள் முதன்மையானவர். 1996-இல் வெளிவந்த முதல் வகையும், 1998-இல் வந்த அதன் திருத்தமும் வினாடிக்கு 12 மெகாபிட் வேகம் உடையவை. 2000-இல் வந்த இரண்டாம் வகையின் வேகம் 480 மெகாபிட். 2008-இல் வந்த மூன்றாம் வகையின் வேகம் 5,000 மெகாபிட்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இணைப்பின் வேகம் பிட் கணக்கிலும், கோப்பின் அளவு பைட் கணக்கிலும் கூறப்படுகின்றன. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 480 மெகாபிட் என்பது 60 மெகாபைட்டே. அதிலும் ஒரு பகுதி, அனுப்புவோனும் பெறுவோனும் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் கட்டளைகளுக்கே செலவாகிறது. நடைமுறையில் முதல் வகையில் வினாடிக்குச் சுமார் 1 மெகாபைட்டும், இரண்டாம் வகையில் 30 முதல் 40 மெகாபைட் வரையும் கிடைக்கும். மூன்றாம் வகையில் இணைப்பு தடையாக இராது. தட்டின் சொந்த வேகமே, அதாவது 100 மெகாபைட்டை ஒட்டிய அளவே, எல்லையாகிறது. மேலே கூறிய 9 மணி, 19 நிமிஷம், 6 நிமிஷம் என்னும் வேற்றுமை இதிலிருந்தே எழுகின்றது.

முதலில் அளந்தறிக

நோயின் தன்மையை அறியாது மருந்து கொடுத்தல் தகாது. ஆகவே முதலில் வேகத்தை அளக்க வேண்டும். இதற்கு ஒரு கடிகாரம் போதும்.

சுமார் 1 கிகாபைட் அளவுள்ள ஒரே கோப்பை வெளித் தட்டில் பிரதி எடுத்து, ஆகும் வினாடிகளைக் குறித்துக்கொள்ளுக. கணிப்பொறி சில சமயம் செய்தியைத் தன் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, வேலை முடிந்ததாகத் திரையில் காட்டிவிடும். தட்டில் எழுதும் வேலையோ பின்னரும் நடந்துகொண்டிருக்கும். ஆதலால், தட்டைப் பாதுகாப்பாக நீக்கலாம் என்னும் செய்தி வரும்வரை உள்ள நேரத்தையே கணக்கில் கொள்ளுதல் வேண்டும். பின்னர் கோப்பின் மெகாபைட் அளவை வினாடிகளால் வகுத்தால் வேகம் கிடைக்கும்.

விடை 1 மெகாபைட்டை ஒட்டியிருப்பின், இணைப்பு முதல் வகையின் வேகத்துக்கு இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். 30 முதல் 40 வரை இருப்பின், இரண்டாம் வகை இணைப்பு தன் முழுத் திறனுடன் இயங்குகிறது. அதில் குறை யாதும் இல்லை. அதை விரைவுபடுத்துவதாகக் கூறும் மென்பொருள்களுக்குப் பணம் செலவிடுதல் வீண். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேகம் சீராக இருப்பின், கேபிள், ஹப், மென்பொருள் ஆகியவற்றை ஆராய வேண்டும். வேகம் திடீரென விழுந்து, சில வினாடிகள் முற்றிலும் நின்று, மீண்டும் எழுமாயின், அது தட்டின் உடல்நலக் குறைவைக் காட்டக்கூடும். அந்நிலையில் சோதனைகளை நிறுத்திவிட்டு, இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறியுள்ளவாறு செய்க.

போர்ட்டும் கேபிளும்

மூன்றாம் வகைத் தட்டை இரண்டாம் வகைப் போர்ட்டில் செருகினால், அது இரண்டாம் வகையாகவே இயங்கும். பெரும்பாலும் மூன்றாம் வகைப் போர்ட்டின் உட்புறம் நீல நிறமாக இருக்கும். பழைய வகையில் 4 தொடுமுனைகளும், புதிய வகையில் அவற்றோடு மேலும் 5 தொடுமுனைகளும் உண்டு. கேபிளில் அந்தக் கூடுதல் கம்பிகள் இல்லாவிடினும், அவற்றுள் ஒன்று அறுந்திருப்பினும், புதிய கணிப்பொறியிலும் பழைய வேகமே கிடைக்கும். ஆகவே முதல் பரிகாரம், நல்லதென்று அறிந்த வேறொரு குட்டையான கேபிளை இட்டுப் பார்ப்பதே.

மேசைக் கணிப்பொறியின் முன்பக்கப் போர்ட்டுகள் பெட்டிக்குள் ஓடும் மெல்லிய கம்பிகளால் இணைக்கப்பட்டவை. பின்பக்கப் போர்ட்டுகளோ தாய்ப்பலகையிலேயே அமைந்தவை. பின்பக்கத்தில் செருகிப் பார்ப்பது நன்று. இரண்டு வெளித் தட்டுகளை ஒரே கட்டுப்படுத்திக்கு உட்பட்ட போர்ட்டுகளில் செருகி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி எடுத்தால், ஒரே பாதையை இரண்டும் பகிர்ந்துகொள்வதால் வேகம் பாதியாகும்.

சில பழைய தாய்ப்பலகைகளின் பயாஸ் அமைப்பில், இரண்டாம் வகைப் போர்ட்டையும் 12 மெகாபிட் வேகத்தில் வைக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதை உயர்வேகத்துக்கு மாற்றுதல் வேண்டும். மேலும், விண்டோஸ் எக்ஸ்.பி. 2001-இல் வெளிவந்தபொழுது இரண்டாம் வகைக்கான ஏற்பாடு அதில் இல்லை. 2002-இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கிலேயே அது சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 7-இல் மூன்றாம் வகைக்கான டிரைவர் தனியே நிறுவப்பட வேண்டும். லினக்ஸில் 2009 முதலே மூன்றாம் வகைக்கு இடமளிக்கப்பட்டுள்ளது.

மின்சாரக் குறைவு

இரண்டாம் வகைப் போர்ட் 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தையும், மூன்றாம் வகைப் போர்ட் 900 மில்லி ஆம்பியரையும் அளிப்பதற்கு வகுக்கப்பெற்றவை. நின்றிருக்கும் தட்டைச் சுழலச் செய்யும் கணத்தில் மோட்டார் இதைவிட அதிகமாகக் கேட்பதுண்டு. பழைய போர்ட் அதை அளிக்க இயலாதபொழுது, தட்டு சுழல முயன்று நின்று, ‘டிக் டிக்’ என்னும் ஒலியை எழுப்பும். அல்லது இணைப்பு அறுந்து அறுந்து சேரும். இவ்வொலி பழுதான தட்டிலிருந்தும் எழுவதால், மின்சாரக் குறைவைத் தட்டின் பழுதென்று கருதிவிடுவோரும் உளர். தட்டின் பழுதை மின்சாரக் குறைவென்று கருதி அலட்சியம் செய்வோரும் உளர். தனி மின்சார இணைப்புள்ள ஹப் ஒன்றின் வாயிலாகவோ, இரண்டு போர்ட்டுகளிலிருந்து மின்சாரம் பெறும் இருதலைக் கேபிளாலோ இணைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். அங்ஙனம் செய்தும் ஒலி நீடிப்பின் தட்டையே சந்தேகிக்க வேண்டும்.

சிறு கோப்புகளின் பளு

ஒரு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்ற ஒரு நொடி போதும்; அதே நெல்லை ஆயிரம் சிறு பொட்டலங்களாகக் கட்டி ஒவ்வொன்றாக ஏற்றினால் பொழுது சாயும். கோப்புகளின் நிலையும் இதுவே.

நிமிஷத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி வினாடி எடுத்துக்கொள்கிறது. உரிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி வினாடி தேவை. முனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகர ஏறத்தாழ 12 மில்லி வினாடி ஆகும். இரண்டும் சேர்ந்து சுமார் 18 மில்லி வினாடி. ஒரு கோப்பை எழுத, அதன் உள்ளடக்கம், பெயர்ப் பட்டியல், இட ஒதுக்கீட்டுக் குறிப்பு ஆகியவற்றுக்காக முனை மூன்று முறை நகர்வதாகக் கொள்வோம். 10,000 கோப்புகளுக்கு 30,000 நகர்வுகள். அவற்றுக்கு 540 வினாடி, அதாவது 9 நிமிஷம். அக்கோப்புகள் ஒவ்வொன்றும் 20 கிலோபைட் அளவே ஆயின், மொத்தம் 200 மெகாபைட். ஒரே கோப்பாக இருந்திருப்பின், இரண்டாம் வகை இணைப்பிலும் 7 வினாடியில் சென்றிருக்கும்.

இதற்குப் பரிகாரம், சிறு கோப்புகளைக் கணிப்பொறியின் உள் தட்டிலேயே ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி, பின்னர் அனுப்புவது. பழைய கணிப்பொறியாயின், சுருக்காமல் கட்டும் தெரிவை மேற்கொள்ளுதல் நலம். சுருக்கும் வேலை பழைய பிராசஸருக்குப் பளுவாகும். கட்டிய கோப்பு குறையின்றித் திறக்கிறதா என்று சோதித்த பின்னரே மூலக் கோப்புகளைத் தொடுதல் வேண்டும். மேலும், ஃபேட் 32 என்னும் முறையில் அமைத்த தட்டு 4 கிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது என்பதையும் நினைவிற் கொள்க.

கணிப்பொறியின் உள்ளே உள்ள தடைகள்

வெளித் தட்டின் மீது பழி சுமத்துமுன் கணிப்பொறியையும் ஆராய்தல் நியாயம். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து சோதிப்பதால், சிறு கோப்புகள் மிகுந்த இடத்தில் தாமதம் பெருகும். நினைவகம் 1 கிகாபைட் அளவே உள்ள கணிப்பொறியில் பல மென்பொருள்கள் ஒருங்கே திறந்திருந்தால், உள் தட்டு அவற்றின் தேவைக்கே ஓயாது உழைக்கும். பிரதி எடுக்கும்பொழுது ஏனையவற்றை மூடிவிடுக.

விண்டோஸ் எக்ஸ்.பி. கணிப்பொறிகளில் உள் தட்டின் கேபிளில் பிழைகள் ஆறு முறை நேர்ந்துவிட்டால், கணிப்பொறி தானாகவே டி.எம்.ஏ. என்னும் விரைவு முறையைக் கைவிட்டு, பி.ஐ.ஓ. என்னும் மந்த முறைக்கு இறங்கும். அந்நிலையில் எந்த வெளித் தட்டை இணைப்பினும் மந்தமே காணப்படும். டிவைஸ் மேனேஜரில் இந்நிலை தெரியும். கேபிளை மாற்றிய பின், அந்த ஐ.டி.இ. வாயிலை நீக்கி மறுபடி நிறுவினால் முன்னிலை திரும்பும்.

லினக்ஸில் விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறைத் தட்டை என்.டி.எஃப்.எஸ்.-3ஜி என்னும் மென்பொருளால் கையாளும்பொழுது பிராசஸருக்கு வேலை அதிகம். லினக்ஸ் கணிப்பொறிகளில் மட்டுமே புழங்கும் தட்டாயின், லினக்ஸுக்கே உரிய முறையில் அமைத்தல் சிறந்தது. அவ்வாறு அமைத்தால் தட்டில் உள்ளவை யாவும் அழிந்துவிடும் ஆதலின், முன்னதாக அவற்றை வேறிடத்தில் பிரதி எடுத்திருத்தல் இன்றியமையாதது. தட்டு நிறைந்துகொண்டே வரும்பொழுது வேகம் குறைவதும் இயல்பே; வெளித் தடங்களைவிடச் சுற்றளவு குறைந்த உள் தடங்களில் ஒரு சுற்றில் கடக்கும் செய்தி ஏறத்தாழப் பாதியே.

ஆபத்தின் அறிகுறி

இதுவரை கூறியவை யாவும் நேரத்தை மட்டுமே வீணாக்குவன. இனிக் கூறுவது செய்தியையே பறிக்க வல்லது.

தட்டின் ஓரிடம் கெட்டுவிட்டால், தட்டு அதை ஒரு முறை படித்துத் தோற்றவுடன் விட்டுவிடுவதில்லை, பன்முறை முயல்கிறது. அம்முயற்சிகளே நமக்கு மந்தமாகத் தோன்றுகின்றன. தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாடு ஏறத்தாழ எல்லாத் தட்டுகளிலும் உண்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ஸ்மார்ட்மான்டூல்ஸ் ஆகிய இலவச மென்பொருள்கள் அதைக் காட்டும். அதில் 5-ஆம் எண், கெட்டதென்று ஒதுக்கி மாற்றிடம் தந்த பகுதிகளையும், 197-ஆம் எண், படிக்க இயலாது காத்திருக்கும் பகுதிகளையும் குறிக்கும். இவை பூஜ்யமாக இருத்தல் நன்று. நாளுக்கு நாள் இவை வளருமாயின், தட்டின் ஆயுள் முடிவை நெருங்குகிறது என்று கொள்க. 199-ஆம் எண் மட்டும் உயருமாயின், குற்றம் பெரும்பாலும் இணைப்பிலேயே உள்ளது.

நோயுற்ற தட்டில் டிஃபிராக் செய்தலும், பிழை திருத்தும் கட்டளைகளை ஏவுதலும் கூடாது. அவை களைத்துப்போன தட்டை மேலும் உழைக்கச் செய்து, எஞ்சியதையும் கெடுத்துவிடக்கூடும். முதலில் பிரதி, பின்னரே பழுதுநீக்கம் என்பதே விதி. பிரதி எடுக்கும்பொழுதும், மீண்டும் பெற இயலாதவற்றையே முதலில் எடுக்க வேண்டும். இணையத்திலிருந்து திரும்பப் பெறத்தக்க மென்பொருள்களும் பாடநூல்களும் கடைசியில் வரலாம்; களக் குறிப்பேடுகளும் மாணவர் பதிவுகளும் முதலில் வர வேண்டும். ஜி.என்.யு. டி.டி.ரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள், எளிதில் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் கடைசியில் முயலும் வகையில் அமைந்தது. தட்டிலிருந்து உராயும் ஒலி எழுமாயின், உடனே மின்சாரத்தை நீக்கி, வல்லுநரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

செலவு செய்வதாயின்

தட்டு நலமாயிருந்து, இணைப்பு மட்டுமே பழையதாயின், தாய்ப்பலகையில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளை உள்ளதா என்று பார்க்க. இருப்பின், மூன்றாம் வகை யு.எஸ்.பி. கார்டு ஒன்றைச் செருகலாம். அத்துளையின் மிகப் பழைய ஒற்றைத் தட வகையும் வினாடிக்கு 250 மெகாபைட் கடத்த வல்லது. ஒரு ஹார்டு டிஸ்க்குக்கு இது தாராளம். பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் இக்கார்டுகளும் கேபிள்களும் கிடைக்கின்றன. பழைய பி.சி.ஐ. துளை மட்டுமே இருப்பின், வேறு வழியும் உண்டு. அறையில் உள்ள புதிய கணிப்பொறியில் வெளித் தட்டை இணைத்து, இரு கணிப்பொறிகளையும் கிகாபிட் ஈதர்நெட் கேபிளால் சேர்த்தால், வினாடிக்கு 100 மெகாபைட்டை ஒட்டிய வேகம் கிடைக்கக்கூடும். இரண்டில் ஒன்று பழைய 100 மெகாபிட் வகையாயின், 11 மெகாபைட் அளவே கிடைக்கும்; அப்பொழுது இரண்டாம் வகை யு.எஸ்.பி.யே மேல்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்விஷயத்தை ஆசிரியர்கள் ஒரு பௌதிகப் பரிசோதனையாகவே நடத்தலாம். 100, 200, 400, 800 மெகாபைட் அளவுள்ள நான்கு கோப்புகளைப் பிரதி எடுத்து, ஆகும் நேரத்தை மாணவர்கள் குறிக்கட்டும். கோப்பின் அளவைக் கிடை அச்சிலும் நேரத்தைக் குத்து அச்சிலும் இட்டு வரைபடம் வரைந்தால், ஏறத்தாழ நேர்கோடு அமையும். அக்கோட்டின் சாய்வின் தலைகீழ், இணைப்பின் வேகம். கோடு குத்து அச்சை வெட்டும் இடம், கோப்பு எவ்வளவு சிறிதாயினும் செலுத்த வேண்டிய நிலையான நேரம். பின்னர் 1,000 சிறு கோப்புகளைக் கொண்டு சோதித்தால், அந்நிலையான நேரம் ஆயிரம் மடங்காகப் பெருகுவதை மாணவர்கள் கண்கூடாகக் காண்பர். இரு வேறு போர்ட்டுகளில் இதே சோதனையைச் செய்து இரு கோடுகளையும் ஒப்பிட்டால், குறை தட்டில் உள்ளதா இணைப்பில் உள்ளதா என்று அவர்களே தீர்ப்பளிப்பர்.

முடிவாக ஒன்று. வேகமான தட்டாயினும் ஒரே தட்டில் மட்டும் உள்ள செய்தி பாதுகாப்பானதன்று. இரு பிரதிகள் எடுத்து, இரு வேறு இடங்களில் வைத்து, ஆண்டுக்கு ஒரு முறையேனும் இரண்டையும் திறந்து பார்த்தல் வேண்டும். ஒரு கிராமத்தின் ஓராண்டு மழைக் கணக்கும் கோடைக்கானலின் சூரியப் படமும் இவ்வகையில் ஒன்றே. இரண்டும் கடந்துபோன ஒரு நாளைப் பற்றியவை. அந்த நாளை மீண்டும் அளக்க எவராலும் இயலாது.